மனைவிக்கு ட்ரவுட் ஃப்ளை ஃபிஷிங்: முதல் தடவை எப்படித் தொடங்குவது?

கோட்டை_அகழி (வேலூர்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் பேச்செல்லாம் விரால், கட்லா, ஜிலேபி என்றுதான் போகும். நான் கொஞ்சம் விலகிப் போகிறேன்: ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனை, பூச்சி மாதிரி கட்டிய இரை (ஃப்ளை) வீசிப் பிடிப்பது பற்றி.

மே விடுமுறையில் இமாச்சலம் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி, அங்கிருந்து மணாலி பஸ்ஸில் ஆவுட் வரை, அப்புறம் பஞ்சார், குஷைனி. நண்பர்களோடு முன்பே போயிருக்கிறேன், ஆறு தெரியும். இந்தத் தடவை மனைவியும் வருகிறார். ஆரணிக்காரர், பள்ளி ஆசிரியை. சின்ன வயதில் ஊர் ஏரியில் அண்ணன்மாரோடு மூங்கில் குச்சி, தக்கை, மண்புழு வைத்துப் பிடித்திருக்கிறார், அதோடு சரி.

"வரேன், ஆனா நாள் முழுக்க ஆத்தங்கரையில உக்காந்து உன் முதுகைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். அவரும் கையில் ராட் பிடிக்கவேண்டும் என்பது என் ஆசை. எங்கிருந்து தொடங்குவது? என்ன ராட்? முதலில் தண்ணீர்மேல் மிதக்கும் டிரை ஃப்ளையா, உள்ளே மூழ்கும் நிம்ஃபா? வீட்டம்மாவைக் கூட்டிப்போன அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

ராணிப்பேட்டை_ரீல்

தம்பி, முதல் விஷயம்: நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். கணவன் மனைவிக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வீடுகளில் என்ன நடக்கிறதோ அதேதான் இங்கேயும் நடக்கும். குஷைனி, நாகினி பக்கம் தங்கும் இடங்களில் கேட்டால் உள்ளூர்ப் பையன்கள் வழிகாட்டியாக வருவார்கள். முதல் நாள் காலை மனைவியை அந்த வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் டீ குடியுங்கள். பெரும்பாலும் ஸ்பின்னர் (தண்ணீரில் சுழலும் உலோக இரை) போடுகிறவர்கள் அவர்கள், ஃப்ளை தெரிந்தவர் வேண்டும் என்று முன்பே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, ராட். உங்களுடையதைக் கடன் கொடுக்காதீர்கள். ஒரே ராட்டை மாற்றி மாற்றிப் பிடித்தால் நல்ல குட்டை வரும்போது அது யார் கையில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எட்டரை அடி, 4 வெயிட் (ராட்டுக்கு ஏற்ற லைனின் எடை எண்), கொஞ்சம் மெதுவாக வளையும் ராட் வாங்குங்கள். ராட் வளைவதைக் கை உணர்ந்தால்தான் எப்போது நிறுத்துவது என்று புரியும். விறைப்பான விலை உயர்ந்த ராட் புதியவருக்குத் தண்டனை. லைன் நுனியில் கட்டும் நரம்பு (லீடர்) ஒன்பது அடி போதும், அதன் கடைசித் துண்டு (டிப்பெட்) 4எக்ஸ் கனம். மெல்லிசு வேண்டாம், அறுந்துகொண்டே இருக்கும், முடிச்சுப் போட்டே பொழுது போய்விடும்.

மூன்றாவது, இடம். வளர்த்து விட்ட மீன் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். மேலே தேசியப் பூங்காப் பக்கம் ஏறினால் ஆற்றிலேயே பிறந்த பிரவுன் ட்ரவுட். நிழல் ஆடினாலே பாறைக்கடியில் போய்விடும், புதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. பொரிப்பகத்து மீன் அப்படியில்லை. தொட்டியில் தீவனம் தின்று வளர்ந்தது, மேலிருந்து விழுவது தீனி என்று பழகியது. ஆற்றில் விட்ட புதிதில் கூட்டமாகவே நிற்கும், விட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. பாலத்தடி, பாதை ஓரத்துக் குட்டைகளைப் பாருங்கள். பஞ்சார் பக்கம் ஹாம்னியில் மீன்வளத்துறைப் பண்ணை இருக்கிறது. அங்கே ஒரு எட்டு போய், சமீபத்தில் எங்கே விட்டார்கள் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். இமாச்சலத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய ட்ரவுட் பிடிக்கக்கூடாது, முட்டையிடும் காலம். மே மாதத்துக்குத் தடை இல்லை. மீன்வளத்துறை உரிமம் கட்டாயம். 40 செ.மீ.க்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு நாளைக்கு ஓர் உரிமத்துக்கு 6 மீன்தான்.

---

குடியாத்தம்காரன்

நான் எதிர்க்கட்சி. மனைவிக்கு மீன்பிடிக்கச் சொல்லிக்கொடுக்க இரண்டு ராத்திரி ரயிலில் போகவேண்டுமா? மோர்தானா இருக்கிறது, காவேரிப்பாக்கம் ஏரி இருக்கிறது. குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு சட்டி ஜிலேபி. ஒரு கிலோ ஜிலேபி இழுக்கும் இழுப்பு அந்த ட்ரவுட்டுக்கு வருமா?

அப்படிப் போயே ஆகவேண்டும் என்றால் ஸ்பின்னிங் ராட்டும் ஒரு மெப்ஸ் ஸ்பின்னரும் கொடுங்கள். பத்து நிமிடத்தில் வீசப் பழகிவிடுவார். ஃப்ளை என்பது மீன் பிடிக்காமல் இருப்பதற்கு வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வழி.

---

மஞ்சள்_தக்கை (சத்துவாச்சாரி)

இந்த இழையில் இன்னும் ஒரு பெண்கூட எழுதவில்லை, அதனால் நான் வருகிறேன். எங்கள் வீட்டுக்காரர் என்னைக் காஷ்மீர் பஹல்காமுக்கு அழைத்துப்போய் லிட்டர் ஆற்றில் இறக்கினார். இப்போது நான்தான் "எப்போது போகலாம்" என்று கேட்கிறேன். ஆனால் முதல் நாள் மதியம் வரை ராட்டைத் தூக்கி ஆற்றில் எறியலாமா என்று இருந்தது.

காரணம் மீன் இல்லை. அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு வீச்சுக்கும் "இல்ல இல்ல, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரீல் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. கோட்டை அகழி அண்ணா, நீங்கள் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருங்கள், பார்த்துக்கொண்டே நிற்கிற தூரத்தில் வேண்டாம்.

ஆண்கள் யாரும் எழுதாததை நான் எழுதுகிறேன். கழிப்பறை. ஆற்றோரத்தில் ஆறு மணி நேரம் என்றால் உங்களுக்கு ஒரு மரம் போதும், எங்களுக்குப் போதாது. தண்ணீர் குடிக்காமல் சமாளிப்போம், மதியத்தில் தலைவலி வரும், "அவளுக்கு இதெல்லாம் பிடிக்கல" என்று நீங்கள் முடிவு கட்டுவீர்கள். தங்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் குட்டையாகப் பாருங்கள். அவருக்கு எப்போது வேண்டுமானாலும் அறைக்குத் திரும்ப முடியவேண்டும். மீன் அதிகம் கிடைக்கும் இடத்தைவிட இது முக்கியம்.

அடுத்தது உடை. அது பனி உருகி வரும் தண்ணீர். வேலூர் வெயிலில் வளர்ந்த கால் அதில் சில நிமிடத்தில் மரத்துவிடும். அவர் அளவுக்கே வேடர் (தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகா கால்சட்டை) கிடைத்தால் எடுங்கள். ஆண்கள் அளவு வேடரில் பாதம் உள்ளே வழுக்கும், பாறையில் விழுவோம். கிடைக்காவிட்டால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், கரையிலிருந்தே வீசலாம். துணியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி கூட வையுங்கள். போலராய்ட் கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம், தூண்டில் முள் பறந்து வரும் விளையாட்டு இது. முள்ளின் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, காதில் குத்தினால் நமக்கும் நல்லது.

டிரையா நிம்ஃபா என்று கேட்டீர்கள். சின்ன வயதில் தக்கை பார்த்தவர் என்றீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. நிம்ஃபுக்கு மேலே இண்டிகேட்டர் கட்டிக் கொடுங்கள். அது தக்கைதான், ஓடும் தண்ணீரில் போகிறது, அவ்வளவுதான். நின்றால், முங்கினால், பக்கவாட்டில் நகர்ந்தால் ராட்டைத் தூக்கவேண்டும். ஏரிக்கரையில் தக்கையை முறைத்துப் பழகிய கண் அதைத் தவறவிடாது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினால் புதிதாகக் கற்பது பாதியாகிவிடும். டிரை ஃப்ளை அழகு, ஒத்துக்கொள்கிறேன். அது இரண்டாம் நாளைக்கு.

---

ஆம்பூர்_டு_ஜெர்சி

இங்கே நியூ ஜெர்சியில் பொரிப்பகத்து மீனோடுதான் எங்கள் வாழ்க்கை. பெக்வெஸ்ட் பொரிப்பகத்தில் ரெயின்போ ட்ரவுட் வளர்த்து, வசந்த காலத்தில் லாரியில் கொண்டுவந்து ஓடைகளில் விடுவார்கள். எந்த ஓடையில் எந்த வாரம் என்று பட்டியலே வரும். 16 வயதுக்கு மேல் உரிமம், ட்ரவுட்டுக்குத் தனி முத்திரை. நானும் மனைவியும் பிக் ஃப்ளாட் புரூக்கில்தான் ஆரம்பித்தோம்.

புதியவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு மீனாவது தட்டவேண்டும். கரை ஏற்றவேண்டும் என்று இல்லை, இழுப்பு கைக்குத் தெரிந்தால் போதும். அதற்கு வளர்ப்பு மீன் மாதிரி உதவி கிடையாது. விட்ட புதிதில் பழுப்பு நிற உல்லி பக்கர் என்ற ஃப்ளை 10ஆம் அளவு, இல்லையென்றால் முட்டை வடிவ ஃப்ளை. தீவன உருண்டை நிறத்தில் எது விழுந்தாலும் வந்து பார்க்கும். சில வாரம் கழித்து அதே மீன் உஷாராகிவிடும். அப்போது ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் 16 என்று சின்னதாகப் போகவேண்டும், டிப்பெட்டும் மெலியவேண்டும்.

ஒரு தொல்லை உண்டு. மீன் விட்ட வாரம் கூட்டம் வரும், தோளோடு தோள் நிற்பார்கள். புதிதாக வீசுகிறவருக்கு அதைவிடக் கூச்சமான இடம் இல்லை. நாங்கள் சனி, ஞாயிறை விட்டுவிட்டு வேலை நாள் சாயங்காலம் போவோம். தீர்த்தனில் அந்த அளவுக்குக் கூட்டம் இருக்காது என்றாலும் மே மாதம் டெல்லி, பஞ்சாப் சுற்றுலாக்காரர்கள் ஆற்றில் குளிக்க இறங்குவார்கள். காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள்.

குடியாத்தம் அண்ணே, ஸ்பின்னரில் தொடங்குவது தப்பில்லை. ஆனால் அதில் மீன் வந்துவிட்டால் அப்புறம் ஃப்ளைக்கு யாரும் திரும்புவதில்லை. அகழி சாருக்கு வேண்டியது அது இல்லை என்று நினைக்கிறேன்.

---

குடியாத்தம்காரன்

திரும்பவில்லை என்றால் எது நல்லது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது என்று அர்த்தம். 😄

சரி, கேலி போதும். லாரியில் கொண்டுவந்து விட்டு, அடுத்த வாரமே பிடிப்பது மீன்பிடியா, சந்தையா? அதையும் யாராவது சொல்லுங்கள்.

---

ஊட்டி_ஓடை (சொந்த ஊர் திருப்பத்தூர்)

அந்தக் கேள்வி இங்கே நீலகிரியில் நூறு வருடத்துக்கு மேல் பழையது. நம் மலையில் ட்ரவுட் இயற்கையாகக் கிடையாது. 1860களில் ஃபிரான்சிஸ் டே பிரவுன் ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்றார், நிலைக்கவில்லை. அப்புறம் ஹெச். சி. வில்சன் ரெயின்போவைக் கொண்டுவந்தார், அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைந்தது. ரெயின்போ இந்தத் தண்ணீரில் பிழைத்துக்கொண்டது. நீலகிரி எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நின்றுதான் போகிறது, அப்படியிருக்க ஏன் இமாச்சலம் என்று யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்.

நானே சொல்கிறேன், முதல் பயணத்துக்கு இங்கே வராதீர்கள். நல்ல ஓடைகள் பலவும் காட்டுக்குள் இருக்கின்றன. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போடவே முடியாது, போடவும் கூடாது. சோலை ஓடைகளில் ஏற்கெனவே இருந்த சின்ன மீன், தவளைக்குஞ்சுகளை ட்ரவுட் தின்றுவிடும் என்ற கவலை இங்கே நியாயமானது. மற்ற இடங்களில் அனுமதி உண்டா என்பதை ஊட்டி மீன்வளத்துறை அலுவலகத்தில் அந்தந்த நேரத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். மழையும் சாதாரணம் இல்லை, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மனைவியை முதல் தடவை அழைத்து வந்து அனுமதி கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தால் அவர் மனத்தில் தங்குவது அந்த அலைச்சல்தான்.

குடியாத்தம் நண்பருக்கு: வளர்த்து விட்டுப் பிடிப்பதில் என் கருத்து என்னவென்றால், ஏரியில் கட்லாக் குஞ்சு விட்டுக் குத்தகைக்கு எடுப்பதும் அதேதான். அது சந்தை என்றால் இதுவும் சந்தை. வளர்ப்பு மீனைக் குழம்புக்கு எடுங்கள், ஆற்றிலேயே பிறந்த மீனை விட்டுவிடுங்கள். வளர்ப்பு மீனின் வால், துடுப்பு ஓரங்கள் சிமென்ட் தொட்டியில் உரசித் தேய்ந்திருக்கும், பார்த்தால் தெரியும்.

---

கோட்டை_அகழி (வேலூர்)

அடேங்கப்பா, இவ்வளவு பதிலை எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. தக்கை அக்கா, இண்டிகேட்டர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்புவதற்கு முன் வீசிப் பழக இங்கே இடம் வேண்டும். பாலாற்று மணலில் பழகலாமா? தண்ணீர்தான் இல்லையே, இடமாவது தாராளம்.

---

ராணிப்பேட்டை_ரீல்

மணல் வேண்டவே வேண்டாம். ரீலுக்குள் புகுந்தால் கரகரவென்று சாகும்வரை சத்தம் போடும், லைனின் மேல்பூச்சும் உரிந்துவிடும். சிமென்ட் தரையும் அப்படித்தான். புல் தரை தேடுங்கள். பனி காயாத காலையில் பள்ளி மைதானம் அருமை, அவர் ஆசிரியை என்றீர்களே. முள்ளைக் கட்டாமல் நுனியில் சிவப்பு உல்லன் நூல் ஒரு துண்டு கட்டுங்கள்.

அவருக்கு ஒன்றை மட்டும் புரியவைத்தால் போதும். நம் தூண்டிலில் ஈயக்குண்டு போகிறது, நரம்பு அதன் பின்னால் போகிறது. இங்கே ஃப்ளைக்கு எடையே இல்லை, லைனின் எடைதான் போகிறது. அதனால் பின்னால் தூக்கியதும் நிறுத்தி, லைன் முதுகுக்குப் பின்னால் நீளும்வரை பொறுக்கவேண்டும். திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள், வெட்கப்படத் தேவையில்லை. நீண்டதும் முன்னால் தள்ளி நிறுத்தவேண்டும். பலம் எதற்கும் உதவாது. ஆண்களைவிடப் பெண்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ராட்டோடு மல்லுக்கட்டுவதில்லை.

தீர்த்தன் கரையில் மரம் அதிகம், பின்னால் வீச இடம் இருக்காது, லைனைப் பின்னால் வீசாமல் முன்னாலேயே உருட்டி விடும் ரோல் காஸ்ட்தான் கை கொடுக்கும். அது புல்லில் வராது. லைனைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால்தான் ராட் வளையும். அதற்கு ஏதாவது ஓர் ஏரிக்கரை பாருங்கள். உங்கள் பெயருக்கு ஏற்ப அகழியில் இறங்கிவிடாதீர்கள், கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவேண்டாம். தீர்த்தன் கீழே லார்ஜியில் பியாஸோடு சேர்கிறது, அங்கே அணை. 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையில் திறந்துவிட்ட தண்ணீர் வந்து ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துப்போனது. ஆற்றின் நடுவில் பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அணைக்குக் கீழே யாரும் ஆற்றில் இறங்கக்கூடாது. மேலே தீர்த்தனிலும் மலையில் மழை பெய்து தண்ணீர் கலங்கத் தொடங்கினால் மீன் மாட்டியிருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டுக் கரையேறுங்கள். மனைவிக்கு முதல் பாடம் இதுவாக இருக்கட்டும், வீச்சு அப்புறம்.

---

கோட்டை_அகழி (வேலூர்)

இப்போது எழுதுவது அகழி இல்லை, அகழியின் வீட்டுக்காரி. இழை முழுவதும் படித்தேன். என்னைப் பற்றி இத்தனை பேர் பேசியிருக்கிறீர்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை. தக்கை அக்காவுக்கு மட்டும் தனி நன்றி, அந்த மரம் விஷயத்தை நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு மூன்று கேள்வி. மீனைக் கையில் பிடித்து முள் எடுக்கத்தான் வேண்டுமா? ஜிலேபி முள் குத்திய கை இது, இன்னும் பயம். பிடித்ததை விடுவதா, சமைப்பதா? இவர் விடவேண்டும் என்கிறார், நான் ஆரணியில் மீன் குழம்போடு வளர்ந்தவள். மூன்றாவது, மதியத்துக்குமேல் எனக்குப் போதும் என்று தோன்றினால் புத்தகம் எடுத்துக்கொண்டு உட்காரலாமா, இல்லை கோபித்துக்கொள்வாரா?

முதுகைப் பார்க்கமாட்டேன் என்று சொன்னது உண்மை. ஆனால் ராட் வேண்டாம் என்று சொல்லவில்லை.

---

மஞ்சள்_தக்கை (சத்துவாச்சாரி)

வாங்க தங்கச்சி! ட்ரவுட்டுக்கு ஜிலேபி மாதிரி முதுகு முள் கிடையாது, குத்தாது. வழவழப்பு இருக்கும், பல் சின்னது. கையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை பட்டால் அதன் மேல் இருக்கும் வழுவழுப்பு போய்ப் பூஞ்சை பிடிக்கும். கொக்கி நசுக்கிய முள் என்றால் மீனை வலைக்குள், தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு இடுக்கியால் ஒரு திருப்பு, வந்துவிடும். தூக்கவே தேவையில்லை.

விடுவதா சமைப்பதா என்பதை உரிமமே பாதி முடிவு செய்துவிடும், 40 செ.மீ. இல்லாவிட்டால் விட்டாகவேண்டும். முதல் நாள் உங்களுக்கு வருவது பெரும்பாலும் அதற்குக் குறைவாகத்தான் இருக்கும். குழம்பு ஆசைக்குப் பண்ணை மீன் விலைக்குக் கிடைக்கும், வாங்கித் தங்கும் இடத்தில் கொடுத்தால் பொரித்துத் தருவார்கள். புளி, மிளகாய்த்தூள் கையோடு கொண்டுபோங்கள். அங்கே கடுகெண்ணெயில் வறுப்பார்கள், முதல் நாள் நம் நாக்குக்குப் பிடிபடாது.

புத்தகம் கட்டாயம் எடுத்துப்போங்கள். நான் இன்றும் மதியம் படித்துவிட்டுச் சாயங்காலம்தான் மறுபடி இறங்குவேன். பூச்சி எழும்புவதும் அப்போதுதான், மீன் மேலே வரும். கோபித்துக்கொண்டால் இந்த இழையை எடுத்துக் காட்டுங்கள்.

---

குடியாத்தம்காரன்

அக்கா, புளிவரைக்கும் வந்துவிட்டீர்கள், இனி நான் எதிர்க்கட்சியாக இருக்க முடியாது. ரோல் காஸ்ட் பழகத் தண்ணீர் வேண்டும் என்றாரே ரீல் அண்ணன், எங்கள் ஊர்ப் பக்கம் ஏரி ஒன்று இருக்கிறது, குத்தகைக்காரர் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் வாருங்கள். நானும் அந்த ஃப்ளை ராட்டைத் தொட்டுப் பார்க்கிறேன்.

உரிமம் கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒன்று போதுமா?

---

ராணிப்பேட்டை_ரீல்

இரண்டு ராட் என்றால் இரண்டு உரிமம். அடையாள அட்டை நகல் ஆளுக்கு ஒன்று எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஞாயிறு நானும் வருகிறேன், 4 வெயிட் ராட் ஒன்று சும்மா கிடக்கிறது, அந்தம்மா அதில் பழகட்டும். ஆறரைக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் காற்று கிளம்பிவிடும்.